ஒட்டனூர்க் கரையில் ஒரு பழைய பரிசல்

பரிசலைக் கவிழ்த்துப் போட்டால்தான் அதன் வயது தெரியும். ஒட்டனூரில் வேப்ப மரத்தடியில் கவிழ்த்து வைத்திருந்த மீன்பிடி பரிசலின் அடியில் தார் அடுக்கடுக்காக ஏறியிருந்தது. மேலடுக்கு வெளுத்துப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. விளிம்பை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்குச் சாக்கு கிழிந்து தொங்கியது. பரிசல் கட்டுகிறவர் அதைச் சுற்றி வந்து, விரல் முட்டியால் அங்கங்கே தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"மேல்தோலுதான் போயிருக்குது. உள்ள எலும்பு கெட்டியா இருக்குது மாமா. புதுசு கட்டுற செலவுல கால்வாசி கூட ஆவாது" என்றார்.

அவர் மாமா என்று அழைத்தது பரிசலின் சொந்தக்காரரை. அறுபதைத் தாண்டியவர், அணைத் தண்ணீரில் வலை போட்டே குடும்பம் நடத்தியவர். பழுது பார்க்க வந்தவர் ஒகேனக்கல்லை ஒட்டிய ஊட்டமலைக்காரர். அங்கே சுற்றுலாப் பயணிகளுக்குப் பரிசல் ஓட்டுவதுதான் அவர் பிழைப்பு. கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டால் பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்து ஏறும்; மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டத் தடை போடும். 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் வரத்து விநாடிக்கு லட்சம் கனஅடியைத் தாண்டிப் போனது. அப்படிப்பட்ட நாட்களில் அவருக்கு வருமானம் இல்லை. துடுப்பை வைத்துவிட்டுக் கொடுவாளை எடுத்துக்கொண்டு, கீழே ஏரியூர், நாகமரை, ஒட்டனூர்ப் பக்கம் பழுது வேலைக்கு வந்துவிடுகிறார்.

இந்தக் கரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒகேனக்கல் பாறைகளில் விழுந்து புரண்டு வரும் காவிரி இங்கே அகன்று அடங்கி, மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் ஆகிறது. எதிர்க்கரையில் சேலம் மாவட்டத்துக் கோட்டையூர். 1934-இல் கட்டி முடித்த அணை. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இந்த எண்களைச் செய்தித்தாளில் படிக்கும்போது டெல்டாப் பாசனத்தைத்தான் நினைக்கிறோம். ஒட்டனூர்க்காரர்களுக்கு அவை கரை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் எண்கள். 2024 ஜூலைத் தொடக்கத்தில் 40 அடி வாக்கில் கிடந்த நீர்மட்டம் அந்த மாதக் கடைசியில் 120 அடியைத் தொட்டது. தண்ணீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே வருகின்றன. கரையோ சேற்றைத் தாண்டி வெகுதூரம் விலகிப் போகிறது. படகுத்துறை என்று ஒன்றைக் கட்டி வைத்து அங்கேயே படகை நிறுத்தும் வசதி இந்த நீருக்கு இல்லை.

பரிசல் இங்கே நிலைத்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். மூங்கில் பரிசலை ஒரே ஆள் தலையில் கவிழ்த்துக்கொண்டு சேற்றில் நடந்துவிடலாம். தண்ணீரில் அதற்கு ஆழமும் தேவையில்லை. ஏழடி அகலமுள்ள வட்ட அடியில் ஆளும் வலையும் மீனுமாக 350 கிலோ ஏற்றினாலும், கணக்குப் போட்டால் நான்கு அங்குலம்தான் அமிழும். பாறை முனையும் பட்ட மரத்தின் அடிக்கட்டையும் நீருக்குள் மறைந்து கிடக்கும் இடத்தில் அந்த நாலு அங்குலம் பெரிய பாதுகாப்பு. இருந்தும் உரசும், கிழியும். பழுது பார்க்காத பரிசல் என்று ஒன்று இந்தக் கரையில் கிடையாது.

வேலை விடியற்காலையில் ஆரம்பித்தது. வெயில் ஏறுவதற்குள் பழைய தாரைக் கழற்றிவிட வேண்டும். குளிர்ந்த தார் உளி பட்டதும் சில்லு சில்லாகத் தெறிக்கிறது; வெயில் ஏறினால் இளகி உளியிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு வேலை நடக்க விடாது. தெறித்த சில்லுகளை அவர் குப்பையில் போடவில்லை. ஒரு தகர டின்னில் சேர்த்தார். மண்ணைத் தட்டிவிட்டுப் புதுத் தாருடன் உருக்கி அடிப்பூச்சுக்கு வைத்துக்கொள்வாராம். "மேல்பூச்சுக்கு மட்டும் புதுத் தாரு. பழசு வெறைப்பா இருக்கும், சீக்கிரம் வெடிச்சிரும்" என்றார். காற்றும் வெயிலும் பட்டுப் பட்டுத் தாரின் எண்ணெய்ப் பசை போய்விடுகிறது என்பதை அவர் கைப்பழக்கத்தில் அறிந்திருக்கிறார். சாலை போடுகிற பொறியாளர்களும் இதே காரணத்தைத்தான் சொல்வார்கள்.

சாக்கையும் உரித்த பிறகு மூங்கில் கூடு மட்டும் நின்றது. நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். பிளந்த மூங்கில் தப்பைகள் மூன்று திசையில் ஓடி, ஒன்றன் மேலொன்று ஏறி இறங்கி, நடுவில் ஆறு மூலைக் கண்களாகப் பின்னியிருந்தன. ஆணி ஒன்றுகூட இல்லை. ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் கூடு முழுக்கப் பரவுவதைக் கையால் உணர முடிந்தது. பாறையில் மோதும்போது பரிசல் உடையாமல் வளைந்து கொடுப்பது இதனால்தான்.

அடுத்து எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்ற தீர்ப்பு. என் மனத்தில் இந்தத் தொழிலின் மையம் இதுதான். புதிதாகப் பின்னுவதற்கு ஒரு முறை இருக்கிறது, கற்றுக்கொள்ளலாம். பழையதைப் படிப்பதற்கு அப்படி முறை ஏதும் இல்லை. தப்பையைத் தட்டினால் 'டக்' என்று கேட்க வேண்டும். சத்தம் அமுங்கினால் உள்ளே நைந்திருக்கிறது. கணுவுக்குப் பக்கத்தில் மாவு கொட்டினால் வண்டு புகுந்திருக்கிறது. அடியும் பக்கமும் சேரும் வளைவில்தான் ஊறல் தண்ணீர் தேங்கும். முதலில் இற்றுப்போவதும் அந்த இடம். அங்கே மட்டும் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு தப்பையையும் கீறிப் பார்த்தார். நகம் இறங்கிய இடத்தில் கரியால் ஒரு கோடு. சொந்தக்காரர் கூடவே குனிந்து நின்று, இரண்டு கோடுகளை அழிக்கச் சொன்னார். அவருக்குச் செலவு கவலை. இவர் ஒன்றை அழித்தார், மற்றதற்கு முடியாது என்றுவிட்டார்.

இற்ற தப்பையை உடனே பிடுங்குவதில்லை. அதன் பக்கத்திலேயே புதுத் தப்பையை நுழைத்து, ஏறி இறங்கி அதே வழியில் கொண்டுபோய் இறுக்கி, அது பாரம் ஏற்றதும்தான் பழையதை வெட்டி உருவுகிறார். முதலிலேயே பிடுங்கினால் பக்கத்துத் தப்பைகள் நகர்ந்து வட்டம் கோணிவிடும். புது மூங்கிலை ஆற்றில் ஊறப்போட்டிருந்தார்கள். ஊறினால் வளையும்; மூங்கிலிலுள்ள மாவுச்சத்து தண்ணீரில் கரைந்துபோவதால் வண்டும் அவ்வளவாக வராது. பிளந்த பிறகு உட்புறச் சோற்றைச் சீவி எறிந்துவிட்டு, பச்சைத் தோலோடு கூடிய பகுதியை மட்டும் எடுத்தார். மூங்கிலின் வலு அந்தத் தோலை ஒட்டித்தான் இருக்கிறது.

சாக்கு தைக்கும் வேலை சொந்தக்காரரின் மனைவியுடையது. உரச்சாக்குகளைப் பிரித்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி, கோணி ஊசியால் ஒரே விரிப்பாக இணைத்துக்கொண்டிருந்தார். தையல் தள்ளித் தள்ளி விழுந்தது. இன்னும் நெருக்கினால் தண்ணீர் புகாதே என்று கேட்டேன்.

"நெருக்கித் தெச்சா ஓட்டை ஓட்டையா கோடு விழுந்து, அதே கோட்டுல கிழியும் சார். தண்ணிய நிறுத்தறது தாரு. தையலு துணியத்தான் புடிச்சிக்கணும்."

பழுது வேலையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மூங்கில்காரரைச் சொல்கிறார்கள், இவரைச் சொல்வதில்லை. கூலிக் கணக்கிலும் இவர் பெயர் வராது. ஆனால் பரிசல் எத்தனை மாதம் தாங்கும் என்பதில் பாதி இவர் ஊசியில் இருக்கிறது.

இரண்டு சாக்கு விரிப்புகளுக்கு நடுவே பாலிதீன் தாளை வைத்து, கூட்டின் மேல் போர்த்தி, விளிம்பைச் சுற்றி நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். பிறகு தார். இதில் சூடு முக்கியம். உரச்சாக்கின் பிளாஸ்டிக் 130 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் சாக்கு சுருங்கி ஓட்டையாகிவிடும். ஆறிப்போனால் தார் இழைக்குள் இறங்காது. அவரிடம் வெப்பமானி இல்லை. வேப்பங்குச்சியை முக்கி, கிழிந்த சாக்குத் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். சாக்கு சுருங்கியது, டின்னை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். அடுத்த சொட்டு சாக்கில் பரவி இறங்கியதும் துணிச் சுருளால் பூச ஆரம்பித்தார். முதலில் தையல் கோடுகள், அப்புறம் நடு, கடைசியில் வளைவு. வளைவுக்கு மட்டும் இரண்டாம் பூச்சு.

தென்னிந்திய ஆறுகளில் தோல் போர்த்திய பரிசல்கள் ஓடிய காலம் உண்டு. 1520-களில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் தொமிங்கோ பாயஸ், துங்கபத்திரையில் கூடை போன்ற வட்டப் படகுகளை, வெளியே தோல் போர்த்தியதை, மாடும் குதிரையும்கூட அதில் கடந்ததை எழுதி வைத்திருக்கிறார். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றி 1933-இல் தனிக் கட்டுரையே எழுதினார். அவருக்கு வெகுகாலம் முன்பு ஹெரடோட்டஸ் பாபிலோனின் தோல் படகுகளைப் பற்றிச் சொன்னது எனக்கு இங்கே மிகவும் பொருந்துகிறது. அந்த வணிகர்கள் ஆற்றோட்டத்தோடு இறங்கி வந்து, சரக்கை விற்று, படகின் மரக்கூட்டையும் விற்றுவிடுவார்கள். தோலை மட்டும் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். அங்கே தோல் மதிப்பானது, கூடு போனால் போகட்டும். ஒட்டனூரில் நிலைமை நேர்மாறு. உரச்சாக்கு எந்த வயலிலும் கிடைக்கிறது. மூங்கில் கிடைப்பதில்லை.

அந்தக் கவலை வேலை நடந்த நேரமெல்லாம் பேச்சில் வந்துகொண்டே இருந்தது. பென்னாகரத்துக் காடுகளில் கல் மூங்கில் வளர்கிறது. ஆனால் அது காப்புக்காடு. 2022-இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளைச் சேர்த்துக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் அறிவித்தாயிற்று. யானைக்கும் அதே மூங்கில்தான் தீனி. அங்கே கொடுவாளோடு போக முடியாது, போகவும் கூடாது. எனவே சந்தை மூங்கில். பாதி நேரம் அது பந்தலுக்கும் சாரத்துக்கும் வெட்டிய இள மூங்கில். முற்றாததைத் தப்பையாக்கினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்குவதில்லை என்கிறார் ஊட்டமலைக்காரர்.

சொந்தக்காரரின் மருமகன் பைபர் பரிசல் வைத்திருக்கிறார். பக்கத்தில் வந்து நின்று, "இன்னும் எத்தினி வருசத்துக்கு மாமா இந்தத் தாரு நாத்தம்?" என்று கேட்டார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பைபர் இற்றுப்போகாது, வண்டு அரிக்காது, ஆண்டுதோறும் தார் கேட்காது. ஆனால் கல்லில் இடித்து விரிசல் விட்டால் ரெசின், கடினமாக்கும் திரவம், கண்ணாடி இழைப் பாய் என்று மேட்டூருக்கோ சேலத்துக்கோ போக வேண்டும். விரிசலைத் தேய்த்து, முழுக்க உலர்த்தி, கலவை அளவு பிசகாமல் பூச வேண்டும். ஈரம் இருந்தால் ஒட்டாது. மேலை நாடுகளின் ஏரிகளில் ஓடும் அலுமினியப் படகுகளுக்கும் இதே மாதிரி ஒரு பாடு உண்டு: தகடு நன்றாக இருக்கும், ரிவெட்டுகள் தளர்ந்து ஒழுகும், இறுக்கித் தட்டவும் அடைக்கவும் கருவி வேண்டும். எந்தப் படகும் பழுதாகும். அதைச் சரிசெய்யும் பொருளும் கையும் கரையிலேயே இருக்கின்றனவா என்பதுதான் சிறு மீனவருக்குக் கேள்வி. பைபர் பரிசல் வாங்க மானியம் தருவது நல்ல காரியம். பழைய பரிசலைக் கட்டிக்கொள்ள முற்றிய மூங்கிலைக் குறைந்த விலைக்குத் தரும் ஏற்பாடும் வேண்டும். 2017-இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 'மரம்' என்ற வரையறையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பட்டா நிலத்தில் மூங்கில் வளர்க்கத் தடையில்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு துண்டு நிலம் ஒதுக்கினால் போதும்.

தார் இறுகியதும் பரிசலை நிமிர்த்தி, நான்கு கற்கள் மேல் தூக்கி வைத்து, உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஊட்டமலைக்காரர் அடியில் படுத்துப் பார்த்தார். வளைவில் ஓரிடத்தில் ஈரம் கசிந்தது. கரியால் வட்டம் போட்டுவிட்டு வெளியே வந்து, தண்ணீரைக் கொட்டச் சொல்லி, டின்னை மறுபடி அடுப்பில் ஏற்றினார். உள்ளங்கை அகலச் சாக்கு ஒட்டு, அதன் மேல் தார், அதன் மேல் சலித்த மணல்.

கூலியில் ஒரு பகுதியைப் பணமாகவும் மீதியை மீனாகவும் பேசிக்கொண்டார்கள். ரோகுவா கட்லாவா என்பதில் சிறு தகராறு. கெளுத்தி என்று முடிந்தது. கிளம்பும்போது சொந்தக்காரர் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய், வேலியோரம் நட்டிருந்த இரண்டு மூங்கில் குத்துகளைக் காட்டினார். ஒரு கழி முற்ற மூன்று நான்கு ஆண்டாகும். ஊட்டமலைக்காரர் ஒரு கழியை வளைத்துப் பார்த்து, நடுவில் நெருக்கமாக நிற்பவற்றில் வளைந்ததை எல்லாம் கழித்துவிடச் சொன்னார். இந்தப் பரிசலுக்கு அடுத்த பூச்சு ஆடிக்கு முன்னால் விழ வேண்டும் என்றும், அதற்குப் புதுத் தார் அரை டின் போதும் என்றும் சொல்லிவிட்டு ஏரியூர் பஸ்ஸுக்கு நடந்தார்.