நான் பொக்கிஷதார் ஆனேன்!

காலண்டரில் பால் கணக்கு எழுதும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? எங்கள் வீட்டில் உண்டு. பால் வராத நாளுக்குப் பெருக்கல் குறி. அதிகப்படி வாங்கிய நாளுக்கு வட்டம். மாதக் கடைசியில் பால்காரர் சொல்லும் தொகைக்கும் என் காலண்டருக்கும் ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்ததில்லை. இந்தக் கர்வத்தில்தான், எங்கள் அடுக்கு மாடிக் குடியிருப்புச் சங்கத்துக்குப் பொக்கிஷதாராக ஒருவரும் முன்வராதபோது, “நான் பார்த்துக் கொள்கிறேன்” என்று சொல்லி வைத்தேன். 2018-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் அது. வாயைக் கொடுத்து மாட்டிக் கொள்வது எனக்குப் பிறவிக் குணம் என்று என் கணவர் சொல்வார். சொல்லட்டும்.

மொத்தம் 24 வீடுகள். வீட்டுக்கு மாதம் 3,000 ரூபாய். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், பெருக்குகிறவளின் சம்பளம், காவலாளி சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான். முக்கால்வாசிப் பேர் பாங்குக்கே அனுப்பி விடுவார்கள். கீழ் வீட்டுத் தாத்தா மட்டும் செக் கொடுப்பார். மூன்றாம் மாடி மாமிக்கு ரொக்கம்தான் பணம். இந்த இருவரிடமும் வாங்கி வருவது எங்கள் காவலாளிப் பெரியவர். பதினோரு வருஷமாக எங்கள் கேட்டில் இருப்பவர்.

மூன்றாம் மாதமே வந்தது வினை. ஜூன் கணக்கை முடித்துப் பார்த்தால், என் நோட்டுப்படி சங்கத்திடம் 58,400 ரூபாய் இருக்க வேண்டும். பாங்கில் இருந்ததோ 52,250. ரொக்கம் வைக்கும் பிஸ்கட் டப்பா காலி. 6,150 ரூபாயைக் காணோம்!

கமிட்டி கூடியது. “செக்கும் ரொக்கமும் யார் கை வழியாக வருகின்றன, யோசித்துப் பாருங்கள்” என்றார் ஒருவர். எல்லோரும் ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். உங்களிடம் மறைப்பானேன்? “இருக்கலாம்” என்று தலையைக்கூட ஆட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கணக்குச் சரியாகாவிட்டால் பெரியவரை நிறுத்தி விடுவதென்று முடிவாயிற்று.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. காலையில் என் பெரியப்பா பிள்ளைக்குப் போன் செய்தேன். ஆடிட்டர் ஆபீஸில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்தவர் காப்பியைக்கூடத் தொடாமல், “ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை, செலவுக்கு வவுச்சர், உன் நோட்டு, பாங்கு பாஸ் புத்தகம் நாலையும் கொண்டு வா” என்றார்.

“வவுச்சரா? ஞாபகமாக எல்லாவற்றையும் நோட்டில் எழுதியிருக்கிறேனே, அண்ணா!”

“ஞாபகத்தை யாரம்மா தணிக்கை செய்வது?”

பிறகு எனக்குப் பாடம் நடந்தது. “உன் பால் காலண்டருக்கு ஒரு பக்கம்தான். சங்கத்துக்கு அது போதாது. ஒவ்வொரு ரூபாய்க்கும் இரண்டு விலாசம் உண்டு: அது எங்கிருந்து வந்தது, இப்போது எங்கே இருக்கிறது. இரண்டையும் எழுது. உள்ளே வந்த ரொக்கத்தைப் பற்று என்று எழுது. வெளியே போனதை வரவு என்று எழுது.”

எனக்குத் தலை சுற்றியது. வந்ததற்குப் பெயர் வரவு இல்லையா?

“பிஸ்கட் டப்பாவை ஓர் ஆளாக நினைத்துக் கொள். நீ அதனிடம் 3,000 கொடுத்தால், வாங்கிக் கொண்ட அது உனக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அதன் பேரில் பற்று. அதே பணத்தைப் பாங்கில் கட்டினால், உன் ஏட்டில் பாங்கின் பேரில் பற்று. பாங்கு தன் ஏட்டில் உன் பேரில் வரவு வைக்கும். ஏனென்றால் அது உனக்குத் தர வேண்டிய பணம்.”

ஒரே சம்பவத்தை மாமியாரும் மருமகளும் சொல்வது போல என்று நான் புரிந்து கொண்டேன்.

இந்த இரட்டைப் பதிவு முறையை 1494-இல் வெனிஸ் நகரில் லூகா பச்சோலி என்ற துறவி கணித நூல் ஒன்றில் அச்சேற்றினாராம். அவர் கண்டுபிடித்ததல்ல, அவ்வூர் வியாபாரிகள் முன்பே கையாண்டு வந்தது. கணக்கைக் கடவுள் பெயரால் தொடங்கச் சொன்னார் என்று அண்ணா கூறியதும் எனக்குச் சற்றுத் தெம்பு வந்தது. பிள்ளையார் சுழியையாவது நான் சரியாகப் போட்டிருந்தேன்!

அப்புறம் பென்சிலால் நோட்டையும் பாஸ் புத்தகத்தையும் வரி வரியாக ஒப்பிட்டோம். தாத்தாவின் 3,000 ரூபாய் செக்கைப் பெரியவர் பாங்குப் பெட்டியில் போட்டது ஜூன் 30, சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் ஞாயிறு. பாங்கில் வரவானது ஜூலை 3-ந் தேதி. எங்கும் போகவில்லை, வழியில் இருந்தது! அடுத்து, பாங்கு தன் கட்டணமாக எடுத்துக் கொண்ட 150 ரூபாய். என் நோட்டில் ஏறவில்லை. இவ்வளவு சுலபமான வேலை. ஆனால் இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்க, பாங்கு இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று 2009 ஜனவரி 7-ந் தேதி கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார்.

மீதி 3,000. அண்ணா ஓர் அடிக்கட்டையைக் காட்டினார். மூன்றாம் மாடி மாமி, ரொக்கம், ஜூன் 27. கையெழுத்து என்னுடையது.

“இந்தப் பணம் எந்த டப்பாவுக்குப் போயிற்று?”

எனக்குச் சுருக்கென்றது. அன்று நான் மருந்துக் கடைக்குக் கிளம்பும்போது பெரியவர் பணத்தை நீட்டினார். கைப்பையில் போட்டுக் கொண்டேன். மாமியாருக்கு மருந்து, வழியில் காய்கறி, வீடு திரும்பியதும் காஸ் சிலிண்டர்... எல்லாம் அந்தப் பையிலிருந்துதான். பிறகு கட்டி விடலாம் என்று நினைத்து மறந்தே போனேன்.

அண்ணா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. “உன் வீடு வேறு, சங்கம் வேறு அம்மா. சங்கம் கை கால் இல்லாத ஒரு தனி ஆள். தனித்தன்மைக் கருத்து என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அந்த ஆளுக்கு நீ 3,000 ரூபாய் கடன்காரி” என்றார்.

போகிறபோது இன்னொரு குண்டையும் போட்டார். நான்காம் வீட்டுக்காரர் மகனிடம் அமெரிக்கா போகுமுன் ஒரு வருஷத்துக்கு 36,000 ரூபாயை ஏப்ரலிலேயே கட்டியிருந்தார். “அதில் மூன்று மாதத்து 9,000-தான் உங்கள் வருமானம். 27,000 இன்னும் அவருக்குப் பட்ட கடன். ரொக்கம் கையில் இருப்பதாலேயே சம்பாதித்ததாகி விடாது.” கேட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கத் துடித்த காரியதரிசி அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை 3,000 ரூபாயை மேஜைமேல் வைத்து, கமிட்டியில் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டொருவர் சிரித்தார்கள். “அட, நீங்கள்தானா!” என்றார் முதலில் கேட்டைப் பார்த்தவர். அந்தப் பணம் பெரியவர் கணக்கில் இருந்தபோது அது திருட்டு. என் கணக்கில் வந்ததும் மறதி. இதை எந்த ஏட்டில் எழுதுவது?

இப்போது சங்கத்துக் கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது. பெங்களூரில் பிறந்த டாலியை என் பெண் கற்றுக் கொடுத்தாள். பற்றும் வரவும் சமமாகாவிட்டால் அது பதிவை ஏற்காது. ஆனால் என் கைப்பைக்குள் எட்டிப் பார்க்க அதற்குத் தெரியாதே!

அன்று கூட்டம் முடிந்ததும் கேட்டுக்குப் போய்ப் பெரியவரிடமும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“மூணு நாளா யாரும் எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசலீங்க. இதுக்குத்தானா அம்மா?” என்றார். பிறகு, “ஒண்ணு கேட்கலாமா? பணம் கொடுக்கிறவங்களுக்கு ரசீது கொடுக்கிறீங்க. நான் உங்க கையில கொடுக்கிறப்ப எனக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்க.”

அன்று சாயங்காலமே இன்னொரு சின்ன ரசீதுப் புத்தகம் வாங்கினேன். நான் கொடுக்கும் சீட்டுகளை அவர் தம் டிபன் பையில் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். போன மாதம்கூட ஒன்றில் தேதி போட மறந்து விட்டேன். மாடி ஏறி வந்து, போடச் சொல்லி வாங்கிக் கொண்டு போனார்.