நாஃப்பிலியோவில் ஒரு சுவர்

1834இல் ஏதென்ஸுக்கு மாறும்வரை கிரேக்கத்தின் தலைநகர் இந்தச் சின்னக் கடலோர ஊர்தான். இன்று தலைநகரின் பரபரப்பு எதுவும் இல்லை, நல்லவேளை.

பலமிதி கோட்டைக்கு 999 படிகள் என்கிறார்கள். எண்ணத் தொடங்கினேன், மூச்சிரைப்பில் கணக்கு போச்சு. வெனிஸ்காரர்கள் 1714இல் கட்டி முடித்த கோட்டை. அடுத்த ஆண்டே ஒட்டோமான்கள் பிடித்துக்கொண்டார்கள்!

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது ஸ்பிரிடான் தேவாலயம். 1831இல் பூசைக்கு வந்த நாட்டின் தலைவர் கபோடிஸ்ட்ரியாஸை அதன் வாசலிலேயே கொன்றார்கள். கொன்றவர்கள் எதிரி நாட்டவர் அல்லர். விடுதலைப் போரில் முன்னின்ற மாவ்ரோமிகாலிஸ் குடும்பத்தார். தங்கள் வீட்டுப் பெரியவரைச் சிறையில் அடைத்த கோபம். குண்டு பட்டதாகச் சொல்லப்படும் சுவரைக் கண்ணாடி போட்டுக் காக்கிறார்கள்.

போகிறவர்கள் வெயிலுக்கு முன்பே படி ஏறிவிடுங்கள். தேவாலயத்தை மட்டும் தவறவிடாதீர்கள்.