வலியில் தொடங்கும் பேச்சு

முதியோர் ஓபியாய்டு வலிமாத்திரைக்குப் பழகிப்போவது பெரும்பாலும் மருத்துவரின் சீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. மூட்டுவலிக்குச் சில நாட்களுக்கென எழுதித் தந்த டிரமடால், அதே சீட்டில் மாதக்கணக்கில் நீள்கிறது. 2018-இல் டிரமடால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. பழகிய உடலின் தேவை சட்டத்தால் குறைவதில்லை. அங்கேதான் செவிலியரின் ஆலோசனை வேண்டியிருக்கிறது.

சென்னையை அடுத்த நாவலூரின் அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகள் வேலைக்குப் போனபின் பகலெல்லாம் தனித்திருக்கும் பெற்றோர் பலர். சமூகநலப் பயிற்சிக்கு அங்கே செல்லும் செவிலிய மாணவி, முதலில் முதுமையின் உடலியலை அறிந்திருக்க வேண்டும். வயதானால் சிறுநீரகத்தின் வேகம் குறைந்து மருந்து உடலில் தங்கும். தூக்கமாத்திரையும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். தலைசுற்றலும் மலச்சிக்கலும் வரும். விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம்.

அடுத்தது பேச்சைத் தொடங்கும் பயிற்சி. வகுப்பில் ஒருவர் பாட்டியாக நடிக்க, மற்றவர் கேட்கிறார். புதியவர்கள், "எத்தனை மாத்திரை போடுறீங்க?" என்றுதான் தொடங்குவார்கள்; விசாரணை போலத் தோன்றியதும் பாட்டி வாயை மூடிக்கொள்வார். "ராத்திரி வலி எப்படிம்மா இருக்கு?" என்று தொடங்கினால் பேச்சு தானே மாத்திரைக்கு வரும். பிறகு வீட்டிலுள்ள மருந்து அட்டைகள் அனைத்தையும் ஒரே பையில் எடுத்துவரச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரே மருந்து இரு பெயர்களில் கிடப்பது அப்போது தெரியவரும்.

வில்லியம் மில்லர் 1983-இல் முன்வைத்த ஊக்கமூட்டும் நேர்காணல் முறை இங்கே பயன்படுகிறது. அறிவுரைக்கு முன் அனுமதி கேட்பது, கேட்டதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்வது, மாற்றத்துக்கான காரணத்தை முதியவரின் வாயாலேயே வரவைப்பது ஆகிய மூன்றும் அதன் உயிர். "பேரனைத் தூக்கப் பயமா இருக்கு" என்று பாட்டி சொல்லிவிட்டால், அந்தப் பயத்தைப் பற்றிக்கொண்டே பேச்சை வளர்க்கலாம். குறுக்கிட்டு அதட்டும் மகனிடம் தனியே பேசிக்கொள்ள வேண்டும்.

மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்வது பெரும்பிழை. உடல்வலி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை என்று உடல் தவிக்கும். அளவை மருத்துவரே படிப்படியாகக் குறைக்க வேண்டும்; அப்போது இயன்முறைப் பயிற்சி வலியைத் தாங்க உதவும். வீடு தேடி வரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அந்தப் பயிற்சிக்கு வழியுண்டு. மனத்துயருக்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணைத் தரலாம். எழுப்பியும் எழாமல் மூச்சு மெலிந்தால் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை வீட்டார் அறிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் மாணவி தான் கேட்ட கேள்விகளை எழுதி ஆசிரியரிடம் காட்டுகிறார். அடுத்த வாரம் அதே வீட்டுக்குச் சென்று, முதலில் வலியைத்தான் விசாரிக்கிறார்.