பஸார்ட்ஸ் விரிகுடாவின் பீட்டில் கேட்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் உள்ள பஸார்ட்ஸ் விரிகுடாவில் கோடைக் காலை பெரும்பாலும் மந்தமாகத்தான் விடியும். வெயில் ஏறி நிலம் சூடானதும் தென்மேற்கிலிருந்து கடற்காற்று கிளம்பும். பிற்பகலில் அலைகள் குட்டையாக, செங்குத்தாக எழும். பாய் விடுபவர்கள் காத்திருப்பது அந்தக் காற்றுக்குத்தான்.

அங்கே பார்க்கப் பார்க்க அலுக்காத படகு பீட்டில் கேட். நீளம் 12 அடி 4 அங்குலம். முன்முனையை ஒட்டி ஒரு பாய்மரம், அதில் ஒரே பாய். நியூ பெட்ஃபோர்டில் திமிங்கில வேட்டைப் படகுகள் கட்டிய பீட்டில் குடும்பம், அந்தத் தொழில் நொடித்த பிறகு, 1921-இல் பிள்ளைகளுக்காக இதை உருவாக்கியது. அடியில் இறங்கும் நடுப்பலகையை மேலே தூக்கிவிட்டால் முழங்கால் ஆழத் தண்ணீரே போதும்; நேராக மணல் திட்டில் கொண்டுபோய் நிறுத்தலாம். பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

இன்றும் மரத்தில்தான் கட்டுகிறார்கள். நீராவியில் வளைத்த ஓக் விலாக்கள், அவற்றின்மேல் சீடார் பலகை. இதுவரை 4,000-க்கும் மேல் கட்டியாயிற்று. ஃபைபர் படகுகள் மலிந்த காலத்தில் இந்தப் பிடிவாதம் பெரிய விஷயம்.

மரத்துக்குப் பொறுமையும் வேண்டும். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்த பலகைகள் காய்ந்து சுருங்கியிருக்கும். தண்ணீரில் இறக்கியதும் ஒழுகும். மரம் ஊறி உப்பி இடுக்குகளை அடைத்த பிறகே பாய் ஏற்றுவார்கள்.