அரைப்புள்ளியில் மறைந்த கிளைகள்

பழவேற்காடு ஏரியில் ஒரு குடும்பம் மூன்று பாடு இழந்தது. அதற்குக் காரணம் நான் எழுதிய நிரூபணம். அதில் பிழை இருந்தது என்றுகூட என்னால் சொல்லித் தப்பிக்க முடியாது. கணினி அதை வரி வரியாகச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு ஓட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். நான்தான் அதைப் பார்க்காமல் விட்டேன்.

பாடு என்றால் என்னவென்று ஏரிக்கு வெளியே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். பழவேற்காடு பரந்த ஏரி. ஆந்திரம், தமிழ்நாடு இரண்டிலும் கிடக்கிறது. ஆனால் இறால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. முகத்துவாரத்து நீரோட்டம் வந்து போகும் வழியில், கழி நட்டுச் சுத்து வலை கட்டத் தோதான இடங்கள் கொஞ்சம்தான். அந்த இடங்களுக்கு எல்லோரும் ஒரே நாளில் போனால் அடிதடிதான். அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். இன்று இந்த இடம் இந்தத் தலைக்கட்டுக்கு, நாளை அடுத்தவருக்கு. அந்த முறைதான் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் போன்ற ஊர்களின் பாட்டு முறையை ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். செபாஸ்டியன் மேத்யூவின் ஆய்வை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1991-இல் வெளியிட்டது. எங்கள் குப்பத்தில் பாட்டு நோட்டு என் பெரியப்பாவிடம் இருக்கிறது. கோடு போட்ட நீள நோட்டு. ஒவ்வொரு நாள் சாயங்காலமும் பென்சிலால் மறுநாள் முறையை எழுதுவார்.

நான் சென்னையில் மென்பொருள் சரிபார்ப்பு வேலை செய்கிறேன். ஒரு நிரல் எந்தச் சூழ்நிலையிலும் தவறாது என்பதைக் கணிதமாக நிறுவுவது எங்கள் தொழில். மேற்படிப்பில் காக் என்ற நிரூபணத் துணை மென்பொருளைக் கற்றேன். 1984-இல் பிரான்சில் தொடங்கிய திட்டம் அது. 2025-இல் ராக் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நிரூபிக்க வேண்டிய கூற்றை அதற்குக் கொடுத்தால், திரையில் ஒரு கோடு வரும். கோட்டுக்கு மேலே நமக்குத் தெரிந்தவை, கீழே நிறுவ வேண்டிய இலக்கு. நாம் ஒரு உத்தியைச் சொல்வோம். இலக்கு உடைந்து இரண்டு மூன்று சின்ன இலக்குகள் ஆகும். ஒன்றை முடித்தால் அது திரையிலிருந்து மறைந்து அடுத்தது வந்து நிற்கும். கடைசியில், இனி இலக்கு எதுவும் இல்லை என்று ஒரு வரி வரும். அந்த வரிக்காகத்தான் நான் வேலை செய்ய ஆரம்பித்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

ஒரு தீபாவளி விடுமுறையில் ஊருக்குப் போனபோது பெரியப்பாவுக்குக் கண் சரியில்லை. பென்சில் எழுத்து தெரியவில்லை என்றார். நான் செய்து தருகிறேன் என்றேன். சீசன் முழுவதற்கும் தேதி போட்டு அச்சடித்த தாள். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு சாதாரணத் தவறாகப் போயிருக்கும். முறை நியாயமானது என்பதை நிரூபித்தும் தருகிறேன் என்று நானாகச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

நான் எழுதிய தேற்றம் இதுதான்: நடுவில் நாள் கெட்டாலும், ஒரு சுற்று முடிவதற்குள் எல்லா மீனவருக்கும் எல்லா இடமும் சரிசமமாக வரும். நாள் கெடுவது என்றால் புயல், ஊரில் சாவு, முகத்துவாரம் மணல் மேடிட்டு நீரோட்டம் நின்றுபோவது. இதற்கு மூன்று விதிகளைக் கொடுத்தேன். வரிசை நாள்தோறும் ஒரு படி நகரும். நாள் கெட்டால் அன்றைய முறைக்காரருக்கு மறுநாள் அதே இடம். ஓர் இடத்தில் ஒரு நாளில் ஒரு தலைக்கட்டுக்குத்தான் வலை. முதல் விதி, நோட்டைப் புரட்டிப் பார்த்து நானே எழுதியது. இரண்டாவது, பெரியப்பா வாய்வழியாகச் சொன்னது. இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்று அவரிடம் நான் கேட்கவில்லை. ஐந்தாம் நம்பர் வீட்டுக்காரரின் நாள் கெட்டால், மறுநாள் முதல் விதிப்படி ஆறாம் வீடு, இரண்டாம் விதிப்படி ஐந்தாம் வீடு, மூன்றாம் விதிப்படி அவர்கள் இரண்டு பேராக இருக்கக் கூடாது. அப்படியானால் ஐந்தும் ஆறும் ஒன்று. இப்படி ஒரு முரண்பாட்டைக் கையில் கொடுத்துவிட்டால் தர்க்கத்தில் எதை வேண்டுமானாலும் நிறுவலாம். நியாயத்தையும் நிறுவலாம், அநியாயத்தையும் நிறுவலாம்.

அந்த மென்பொருளில் லியா என்று ஓர் உத்தி உண்டு. முழு எண்களின் நேரியல் கணக்குகளைத் தானே முடித்துவிடும். முன்கோள்களில் முரண்பாடு இருந்தால் அதையும் கண்டுபிடித்து, அதை வைத்தே இலக்கை மூடிவிடும். எதை வைத்து மூடியது என்று சொல்லாது. இன்னொன்று அரைப்புள்ளி. ஓர் உத்திக்குப் பின்னால் அரைப்புள்ளி போட்டு அடுத்த உத்தியை எழுதினால், பிறந்த எல்லாக் கிளைகளிலும் ஒரே மூச்சில் அது ஓடும். கிளைகள் திரைக்கே வராது. நான் நாள் கணக்கின் மேல் தொகுத்தறிதலைப் போட்டு, அரைப்புள்ளி வைத்து, ஒவ்வொரு வகையையும் பிரித்து, மறுபடி அரைப்புள்ளி வைத்து, லியா என்று முடித்தேன். ஒரே வரி. இலக்கு எதுவும் இல்லை என்று வந்தது. இவ்வளவு சுலபமாக வந்ததே என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடியை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். மணி இரவு பதினொன்றரை. மடிக்கணினியை மூடிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் குப்பத்தில் பத்துப் பேர் இருக்கையில் பெரியப்பாவிடம் தாளைக் கொடுத்தேன். "நாள் கெட்டா ஈடு இதுலயே இருக்குது பெரியப்பா. மெஷினே சரிபாத்துடுச்சு" என்றேன். தாளில் இருந்தது முதல் விதி மட்டும். தேதி வரிசையாகப் போட்ட தாளில் ஈட்டுக்கு இடம் எங்கே இருக்கும்?

கார்த்திகையில் மழை வந்தது. நாட்கள் கெட்டன. ஒரு வீட்டுக்கு நல்ல இடத்தில் வந்த முறை அப்படியே போயிற்று. அந்த வீட்டு அண்ணன் பெரியப்பாவிடம் வந்து கேட்டிருக்கிறார். பெரியப்பா எனக்குப் போன் போட்டார். நான் கோப்பைத் திறக்கவில்லை. "சுத்து முடியறதுக்குள்ள சமமாயிடும், அவங்க கணக்கு தப்பு" என்று சொன்னேன். படிக்காத மனுஷன் விரல் விட்டு எண்ணிய கணக்கைவிட என் ஒற்றை வரி பெரிது என்று உண்மையாகவே நம்பினேன். பெரியப்பா அந்தப் பதிலை அவரிடம் அப்படியே சொன்னார். அதற்கு மேல் அவர் எதைக் காட்டி வாதாடுவார்? இரண்டாவது முறையும் போனது. மூன்றாவது, அமாவாசையை ஒட்டி வந்தது. இறால் நன்றாக விழும் நாள். அதுவும் போனது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் எனக்கு மூன்று என்பது தெரியும்.

அன்று இரவு கோப்பைத் திறந்தேன். நிரூபணத்தை மரமாக வரைந்து காட்டும் துணைக்கருவிகள் நிறையவே உண்டு. காக்கோடு சேர்ந்து ஓடும் ப்ரூஃப்ட்ரீ என்ற கருவியை ஹெண்ட்ரிக் டியூஸ் எழுதினார். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த நடராஜன் சங்கரும் கூட்டாளிகளும் கலிஃபோர்னியாவில் 1990-களில் உருவாக்கிய பி.வி.எஸ். என்ற மென்பொருளிலும், எந்தக் கிளையில் நிற்கிறோம் என்று காட்டும் மரம் தனிச் சாளரத்தில் வளர்ந்துகொண்டே போகும். அதற்கெல்லாம் வெகு முன்பே, 1930-களில், கெர்ஹார்ட் கென்ட்சென் தாளில் வரைந்த மரங்களில் வேர் கீழே, அதாவது முடிவு அடியில். முன்கோள்கள் மேலே கிளை கிளையாக. மாணவியாக இருந்தபோது நானும் அப்படித்தான் வரைந்தேன், ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு தாள். வேலைக்குப் போன பிறகு எப்போது நிறுத்தினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு குறிப்பிட்ட நாள் இல்லை. மரம் வரைய ஒரு மணி நேரம் ஆகும். அரைப்புள்ளிக்கு ஒரு விசை போதும். திரையில் ஒரு நேரத்தில் ஓர் இலக்குதான் முழுமையாகத் தெரியும் என்பதால், எங்கிருந்து வந்தோம், பக்கத்துக் கிளை என்ன ஆயிற்று என்று கேட்காமலே போய்விடலாம். பனி மூடிய விடியலில் தோணியில் போனால் அடுத்த கழி மட்டும் தெரியும். எந்த ஓடையில் இருக்கிறோம் என்று தெரியாது.

ப்ரூஃப்ட்ரீ என் நிரூபணத்தை ஒரே ஒரு கணுவாகக் காட்டியது. ஒரே வரியாக எழுதியதற்கு வேறு எதைக் காட்டும்? அரைப்புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கிளைகளைப் பிரித்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்தேன். 11 நுனிகள் வந்தன. ஒவ்வொரு நுனியிலும் எது பயன்பட்டது என்று பார்க்க, முன்கோள்களை ஒவ்வொன்றாக நீக்கி ஓட்டினேன். சுற்றில் எத்தனை நாள் என்பதை நீக்கினேன், மூடியது. எத்தனை இடம் என்பதை நீக்கினேன், மூடியது. கடைசியில் இலக்கையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘பொய்’ என்று வைத்தேன். அதுவும் மூடியது. 11 நுனியிலும் ஐந்தும் ஆறும் ஒன்று என்ற அதே முரண்பாடுதான் நின்றது. சமம் என்பது எந்தக் கிளையிலும் ஓர் இடத்தில்கூட வரவில்லை.

மரம் வரைந்தால் வேரையும் எழுத வேண்டும். எழுதும்போதுதான் என் வேரை முதல் தடவையாக வாசித்தேன்: எல்லா மீனவருக்கும். மீனவர் என்ற வகைக்கு நான் கொடுத்திருந்த வரையறை, பாட்டு நோட்டில் உள்ள தலைக்கட்டுகளின் பட்டியல். பாட்டு உரிமை பட்டினவர் என்ற மீனவச் சாதியினருக்கு உள்ளது. அதே ஏரியில் மீன் பிடிக்கும் தலித் குடும்பங்களும், இடுப்பளவு தண்ணீரில் கையால் இறால் தடவிப் பறியில் போடும் இருளர் பெண்களும் அதில் கிடையாது. என் அம்மாவும் கிடையாது. நோட்டுக்கு வெளியே இருப்பவர்களோடு எத்தனை சண்டைகள் நடந்தன என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஆனாலும் ‘எல்லா’ என்று தட்டெழுதியபோது கை தயங்கவில்லை. இதை எந்த மென்பொருளும் எனக்குச் சுட்டிக்காட்டியிருக்காது.

விடிந்ததும் பெரியப்பாவிடம் சொன்னேன். நாள் கெட்டால் என்ன செய்வீர்கள் என்று, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை அன்று கேட்டேன். "வரிசையே ஒரு நாள் நின்னுடும் பாப்பா. அதுக்குத்தான் முந்தின நாள் சாயங்காலம் எழுதறது" என்றார். பென்சில் எதற்கென்று அப்போது புரிந்தது. கோபப்படவில்லை. "என் வாயால நான் அவன்கிட்ட மெஷின்னு சொன்னேன். நீ போயி சொல்லு" என்றார்.

போனேன். அண்ணன் ஏரிக்குப் போயிருந்தார். அவர் வீட்டு அக்கா வாசலில் உட்கார்ந்து வலையில் சிக்கியிருந்த நண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார். காலண்டர் தாளை விரித்து, இந்த இடத்தில் நான் பார்க்காமல் விட்டேன், அண்ணன் கணக்குதான் சரி என்று சொன்னேன். அவர் மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப அந்த மூணு பாடு?" என்று கேட்டார்.

இரண்டை அடுத்த சுற்றில் பெரியப்பா திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது, கார்த்திகை அமாவாசையில் வந்தது. அதற்கு ஈடான நாள் அந்தச் சீசனில் வேறு இல்லை.