இரண்டு மணி நேரப் பூங்கா

2005ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், 'ரீபார்' என்னும் வடிவமைப்புக் குழுவினர் கார் நிறுத்தும் இடமொன்றுக்குக் கட்டணக் கருவியில் காசு போட்டனர். ஆனால், காரை நிறுத்தவில்லை. புல்தரை விரித்தனர், மரமொன்றை வைத்தனர், நிழலில் இருக்கை இட்டனர். வழிப்போக்கர் வந்து அமர்ந்தனர். இரண்டு மணி நேரம் முடிந்ததும் புல்லைச் சுருட்டி, இடத்தைக் கூட்டிவிட்டுச் சென்றனர்.

இதைப் படித்தபோது நாம் நகைத்தோம். இரண்டு மணி நேரத்தில் மறையும் பூங்காவால் யாருக்கு என்ன பயன்?

பயன் இருந்தது. அவர்கள் எவரையும் ஏசவில்லை, மறியல் செய்யவில்லை. உரிய கட்டணத்தைச் செலுத்தி, அந்த இடம் வேறு என்னவாகவும் இருக்கக்கூடும் என்பதைக் கண்ணுக்குக் காட்டினர். பின்னர்ப் பல நாடுகளின் நகரத்தாரும் செப்டம்பர் மாத மூன்றாம் வெள்ளியன்று அவ்வாறே செய்யலாயினர். 2010இல் சான் பிரான்சிஸ்கோ நகராட்சியே கார் நிற்கும் இடங்களில் சிறு பூங்காக்களை அமைக்க வழிவகுத்தது.

நம் வாசலைப் பார்த்தோம். முன்பு பிள்ளைகள் பாண்டி ஆடிய தெருவோரத்தில் நம் கார் நிற்கிறது. அதற்கு நாம் ஒரு காசும் கொடுப்பதில்லை. பிள்ளைகள் வீட்டுக்குள் முடங்கிவிட்டார்களே என்று குறைபட்டுக்கொள்வது மட்டும் குறையவில்லை!

சென்ற ஞாயிறு மாலை, காரை நண்பரின் காலிமனையில் விட்டுவிட்டு வாசலில் பாய் விரித்தோம். பிள்ளைகள் கட்டம் வரைந்தனர். எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து அமர்ந்து, மஃரிபு வரை பேசியிருந்தார்.

காரைத் திரும்பக் கொண்டுவந்தபோது இளைய மகள் கேட்டாள்: "நாளைக்கும் எடுப்பீர்களா, வாப்பா?"

நாம் இன்னும் விடை சொல்லவில்லை.