கிட்டார் பெட்டிக்குள் துப்பாக்கி!

‘டெஸ்பராடோ’ என்றதும் நம்ம ஹாஸ்டலில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அந்த மொட்டைமாடி சீன்தான். அன்டோனியோ பாண்டராஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் குண்டைப் பின்பக்கமாக வீசுவார். பின்னால் தீ கொழுந்துவிட்டு எரியும். அவரும் சல்மா ஹாயெக்கும் ஏதோ கடைத்தெருவுக்குப் போகிற மாதிரி நடந்து வருவார்கள்... விசில் பறக்கும்!

1995-இல் வந்த படம். கதை ஒரு வரிதான். ஒரு பாட்டுக்காரன். காதலியைக் கொன்றுவிட்டார்கள், கிட்டார் வாசிக்கிற கையையும் சுட்டுப் பாழாக்கிவிட்டார்கள். அந்தக் கும்பலில் மிச்சமிருக்கும் தலைவன் புச்சோவைத் தேடி மெக்ஸிகோவில் ஒரு புழுதி ஊருக்கு வருகிறான். கையில் கிட்டார் பெட்டி. உள்ளே துப்பாக்கிகள். நண்பன் ஒருத்தனின் பெட்டியிலிருந்து ராக்கெட்டே கிளம்பும்! (மெக்கானிக்கல் பசங்க அதன் டிராயிங் கேட்டு அடம்பிடிப்பார்கள்.)

ஆனால் எனக்குப் பெரிய ஹீரோ டைரக்டர் ராபர்ட் ரோட்ரிகஸ்தான். இதன் முதல் பாகம் ‘எல் மரியாச்சி’யை 1992-இல் சுமார் 7,000 டாலரில் எடுத்து முடித்தார். பணத்துக்கு என்ன செய்தார் தெரியுமா? மருந்து சோதனைக்குத் தன் உடம்பையே கொடுத்தார். கேமரா இரவல். கேமராவை உருட்ட டிராலி இல்லை, ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தார். கேமரா, எடிட்டிங் எல்லாம் அவரே. கொலம்பியா கம்பெனி அதை வாங்கியது. அடுத்த படமான ‘டெஸ்பராடோ’வுக்குக் கிடைத்தது சுமார் 70 லட்சம் டாலர், ஆயிரம் மடங்கு! ‘ஃபண்டு இல்ல மச்சான்’ என்று புராஜெக்டைத் தள்ளிப்போடும் நம் ஆட்கள் கவனிக்க.

சல்மா ஹாயெக் வெறும் அழகுப் பொம்மையாக வரவில்லை. யாருமே புத்தகம் வாங்காத ஊரில் புத்தகக்கடை வைத்திருக்கும் கரோலினா அவர். குண்டடிபட்டு வந்தவனுக்குத் தானே வைத்தியம் பார்க்கிறாள். கடை ஓடுவது புச்சோவின் பணத்தில் என்பது பிறகுதான் தெரிகிறது.

இத்தனை ரத்தத்தையும் ஜாலியாகப் பார்த்தவனை ஒரு சின்னப் பையன் உலுக்கிவிட்டான். தெருவில் கிட்டாரோடு திரிகிற பையன். ஹீரோ ஆசையாக வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறான். பையனின் கிட்டாருக்குள்ளே இருப்பதோ போதைப்பொருள்! கடைசியில் தெருச்சண்டையில் குண்டு அவன் மேலும் பாய்கிறது. அதற்கு எவன் விசில் அடிப்பான்? எங்கள் ரூமில் ஒரு சத்தம் இல்லை.

புச்சோ யாரென்று பார்த்தால் ஹீரோவின் கூடப்பிறந்தவன்! கரோலினாவைக் கொல்ல விட்டால் போதும், உன்னை விட்டுவிடுகிறேன் என்கிறான். ஹீரோ சுடுகிறான். உடனே திரை வெளுத்து, அடுத்த காட்சி ஆஸ்பத்திரி. பையன் பிழைத்துக் கிடக்கிறான். படம் முழுக்கச் சுட்டவர்கள், முக்கியமான சண்டையைக் காட்டவே இல்லை. எனக்கு அதுதான் பிடித்தது. ‘ஏமாத்திட்டாங்கடா’ என்று என் ரூம்மேட் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறான்.

முடிவில் ஹீரோ கிட்டார் பெட்டியை ரோட்டோரம் வீசிவிட்டு நடக்கிறான். கரோலினா ஜீப்பில் வந்து ஏற்றிக்கொள்கிறாள். கொஞ்ச தூரம் போனதும் வண்டி திரும்பி வருகிறது, பெட்டியை எடுக்க!